யார் யாரோ போன வாசல்

மட்டாஞ்சேரி,
2 செப்டம்பர் 2024

அம்முவுக்கு,

சங்கர்ராம் வக்கீல் ஆபீஸிலிருந்து பலமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். நீ எடுக்கவில்லை. என் ஃபோனும் லாப்டாப்பும் பரணில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்குகளும்கூட ஸ்டேஷனில் இருக்கின்றன. ஜாமீன் தந்த கோர்ட், ஜில்லாவை விட்டுப் போகக் கூடாது, இன்டர்நெட் உள்ள எதையும் தொடக் கூடாது, திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பாலக்காட்டுக்கு வந்து உன் முன்னால் நிற்க வழியில்லை. அதனால்தான் இந்தக் கடுதாசி.

நான் ஜெயிலிலிருந்து வந்தபோது சாவி பக்கத்து வீட்டு சேச்சியிடம் இருந்தது. அவள் வாசல்படி இறங்காமல் கையை மட்டும் நீட்டிக் கொடுத்தாள். உள்ளே நீ எல்லாவற்றையும் துடைத்து, பால் பாத்திரத்தைக்கூடக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாய்.

போலீஸ் வந்த காலையில் உன்னிடம் ஒன்றும் சொல்ல விடவில்லை. இப்போது சொல்கிறேன். டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி இருந்தது, ஞாபகம் இருக்கும். நாலு வருஷமாக இருந்தது. தங்கள் அடையாளத்தை வெளியே காட்டாமல் இன்டர்நெட்டில் போக வேண்டியவர்களுக்காக உலகம் முழுக்க ஆட்கள் சும்மா நடத்தித் தரும் ஒரு வலை இருக்கிறது. ஒருவர் அனுப்புவது மூன்று பேர் வீட்டுப் பெட்டிகள் வழியாகப் போகும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பது மட்டும்தான் தெரியும். முழு வழியும் ஒருவருக்கும் தெரியாது. நம் பெட்டி அதில் நடுவில் நிற்கிற ஒன்றாக இருந்தது. நடுவில் இருப்பவனுக்கு ஒரு தொந்தரவும் வராது.

போன மார்ச்சில் அதன் அமைப்புக் கோப்பில் இரண்டு வரி மாற்றினேன். 'எக்ஸிட் ரிலே' என்ற வரியில் பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று போட்டேன். 'எக்ஸிட் பாலிசி' வரியில் சாதாரண வெப்சைட்டுகளுக்குப் போகலாம் என்று அனுமதி எழுதினேன். அன்றிலிருந்து நம் வீடு கடைசிப் பெட்டி ஆனது. யார் எங்கிருந்து கிளம்பினாலும், வெளியே பார்க்கிறவனுக்கு நம் வீட்டு விலாசம்தான் தெரியும்.

ஸ்ரீநந்தாவின் பெயரில் இன்டர்நெட்டில் கள்ளக் கணக்கு தொடங்கி அந்தப் பொய்களை எழுதியவன் அந்த வாசல் வழியாகப் போயிருக்கிறான். நான் எழுதவில்லை, அம்மு.

விஸ்வநாத்


நூரணி, பாலக்காடு,
11 செப்டம்பர் 2024

உங்கள் கடிதம் வந்தது. தமிழில் எழுதினது நல்லதாகப் போயிற்று. தம்பி சுதர்ஷன்தான் தபால்காரரிடமிருந்து வாங்கினான். பிரித்தே பார்த்துவிட்டான். அவனுக்கு மலையாளம் தவிர வேறு எழுத்துத் தெரியாததால் என்னிடம் கொடுத்தான். இனியும் தமிழிலேயே எழுதுங்கள்.

பெட்டி, வரி, பூஜ்யம், ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதுகிறேன்.

ஸ்ரீநந்தா என் வகுப்புக் குழந்தை. அந்தக் கணக்கில் அவள் எழுதுகிறதுபோலவே எழுதியிருந்தது. கூடப் படிக்கிறவள் ஒருத்தியின் அப்பா குடிப்பதைக் கேலி செய்து ஒன்று. ஹெட்மிஸ்ட்ரஸ் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து அழுததைப் பற்றி ஒன்று. தன் சொந்த அம்மாவின் நடையை, பேச்சைக் கிண்டல் செய்து ஒன்று. எல்லாரும் அவள்தான் எழுதினாள் என்று நம்பினார்கள். நானும் நம்பினேன். ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, உனக்கு வெட்கமில்லையா என்று கேட்டேன். அவள் "நான் அல்ல டீச்சர்" என்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் அழுதது யாருக்குத் தெரியும்? ஸ்டாஃப் ரூமில் இருந்தவர்களுக்குத் தெரியும். வராந்தாவில் நின்ற சில குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கலாம். அன்று ராத்திரி சாப்பிடும்போது உங்களிடம் சொன்னேன். உங்களுக்கும் தெரியும்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் காட்டினார். உங்கள் பெட்டிக்கு நீங்கள் வைத்த பெயர் அதில் இருந்தது. அம்மு மட்டாஞ்சேரி. இது யார் என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். அப்படியானால் உங்களுக்கும் இதில் பங்கு உண்டா என்று கேட்டார். பதினைந்து வருஷமாக வாத்தியாராக இருக்கிற என்னிடம். மறுநாள் மானேஜ்மென்ட் லீவில் போகச் சொல்லிவிட்டது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உலகத்தில் எத்தனை வீடு, எத்தனை பெட்டி. என் வகுப்புப் பெண்ணைப் பற்றிய பொய் என் வீட்டு வாசல் வழியாகவே வெளியே வருமா? தற்செயல் என்று சொல்லாதீர்கள்.

அம்மு


மட்டாஞ்சேரி,
20 செப்டம்பர் 2024

அம்மு,

தற்செயல் இல்லை. நீ கேட்டது சரி.

அந்த வலையில் போகிறவன், தான் எந்த நாட்டு வாசல் வழியாக வெளியே வர வேண்டும் என்று தன் கோப்பில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். 'எக்ஸிட் நோடுஸ்', அதாவது வெளியே விடும் வாசல்கள், என்று அதற்குப் பெயர். அதன் பக்கத்தில் இந்தியாவின் இரண்டு எழுத்தைப் போட்டால் போதும். வெளிநாட்டு விலாசத்திலிருந்து புதுக் கணக்குத் தொடங்கினால் அந்த வெப்சைட் சந்தேகப்படும், நூறு கேள்வி கேட்கும். இந்திய விலாசம் என்றால் விட்டுவிடும். அதனால் இங்கே உள்ள ஒருவன் அப்படித்தான் எழுதியிருப்பான். இந்தியாவில் வெளியே விடுகிற வாசல்கள் மிகக் குறைவு, அம்மு. விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒன்று நம்முடையது. அவன் மட்டாஞ்சேரியைத் தேடிப் பிடிக்க வேண்டியதே இல்லை. பாதி நாள் இங்கேதான் வந்து விழுவான்.

அந்தப் பெயரை நான் ஒரு காரணத்தோடும் வைக்கவில்லை. பெயர் கேட்டது, உன் பெயர் வாயில் வந்தது. நாலு வருஷம் அது உலகத்துக்கெல்லாம் தெரியும்படி பட்டியலில் இருந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இப்போது அது குற்றப்பத்திரிகையில் ஏறும் என்று வக்கீல் சொல்கிறார்.

ஆதாரம் கேட்பாய் என்று தெரியும். இல்லை. அந்தப் பெட்டி, யார் வந்தார்கள், எங்கே போனார்கள் என்பதை எழுதி வைக்காது. எழுதி வைக்கும்படி மாற்றவும் கூடாது. எழுதி வைத்தால் அதை நம்பி வருகிறவர்களைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். அதனால் வந்தவன் வேறொருவன் என்று காட்ட ஒரு எழுத்துக்கூட இல்லை. என் லாப்டாப்பும் அந்தப் பெட்டியும் ஒரே விலாசத்தில்தான் வெளியே போயின. தெரிந்தவர்கள் எல்லாரும், வீட்டு இணைப்பில் இதை வைக்காதே, வேறே இடத்தில் வை என்றுதான் சொல்வார்கள். எனக்கும் தெரியும். இங்கே யாருக்கு இது கண்ணில் படப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அந்தத் தேதியில் நம் விலாசம் பொது வாசலாக இருந்தது என்பதற்கு மட்டும் உலகப் பட்டியலில் பதிவு உண்டு. வக்கீல் அதை அச்செடுத்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். அவர் நிதானமாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அதாவது, நீ ஒன்று செய்தால் ஊரார் தலையில் போடுவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாய்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேனோ என்னவோ.

பஸார் ரோட்டுக் கடைகளின் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் போயிற்று. ஒரு மிளகுக் கடையில் மட்டும் கையால் பில் எழுத உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் உள்ளே மூட்டைகளுக்கு நடுவில்.

தெருவில் முன்போலப் பேசுகிற ஒரே ஆள் நம் காய்கறி இசக்கிமுத்து. வண்டியைத் தாண்டிப் போகப் பார்த்தேன். "என்ன சாரே, கண்டும் காணாம போறீய" என்று கூப்பிட்டு முருங்கைக்காயைக் கையில் திணித்தார். அவர் மகள் மகா நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டேன். டீச்சர் எப்போ வருவாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா என்றார்.

விஸ்வா


நூரணி,
14 அக்டோபர் 2024

ஸ்ரீநந்தாவை ஒற்றப்பாலத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். அங்கேயும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டதாம். அவள் எழுதவில்லை என்று போலீஸே சொன்ன பிறகும் ஒட்டிக்கொண்டது போகவில்லை. நான் அவளைத் திட்டியதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

சுதர்ஷன் வேறு வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறான். எதற்கு என்று உங்களுக்குப் புரியும். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மா என் முகத்தைப் பார்ப்பதேயில்லை.

இது மட்டும் சொல்லுங்கள். உங்கள் கோப்பில் அத்தனை வரி இருக்கிறதே. அந்த மாதிரி ஆளை உள்ளே விடாதே, நல்லவர்களை மட்டும் விடு என்று ஒரு வரி இல்லையா? இருந்தும் நீங்கள் எழுதவில்லையா?

அம்மு


மட்டாஞ்சேரி,
25 அக்டோபர் 2024

அம்மு,

இல்லை.

எந்த எண் வாசலைத் திறப்பது, எதை மூடுவது என்று எழுதலாம். எவ்வளவு வேகம் விடலாம், மாதத்துக்கு எவ்வளவு டேட்டா தாண்டினால் பெட்டி தூங்கிவிடலாம் என்று எழுதலாம். மெயில் அனுப்ப விடாமல் தடுக்கலாம். ஏதாவது தகராறு என்றால் என்னைத் தொடர்புகொள்ள ஒரு விலாசம் எழுதலாம், அதையும் எழுதியிருந்தேன். அந்தக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். இப்போது கையில் இல்லை, ஆனால் மனசில் ஓட்டிப் பார்க்கிறேன். நீ கேட்ட வரி அதில் இல்லை. வருகிறவன் யார் என்றே தெரியாதபோது நல்லவனா கெட்டவனா என்று எப்படித் தெரியும்? தெரிந்துகொள்கிற மாதிரி செய்தால் அப்புறம் அந்த வலையே வேண்டாம்.

இதை எழுதும்போதே உனக்கு எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரிகிறது.

போன வாரம் பாலஸ் ரோட்டில் ஸ்ரீநந்தாவின் அப்பாவைப் பார்த்தேன். எதிரில் வந்தார். ஒதுங்க இடமில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. என் பக்கத்தில் நின்று, யார் சொல்லி இந்தப் பெட்டியை வைத்தீர்கள் என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். வேறே தேசங்களில் பேச முடியாமல் இருப்பவர்கள், வீட்டில் அடி வாங்கிவிட்டு ஒளிந்து ஓடுகிற பெண்கள், பத்திரிகைக்காரர்கள், இவர்களுக்கெல்லாம் இது ஒன்றுதான் வழி என்று. அவர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

"அவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"என் மகளைத் தெரியும். உங்கள் வீட்டுக்கு வந்து சாயா குடித்திருக்கிறாள்."

அவ்வளவுதான். போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். இஞ்சி மூட்டை ஏற்றிய வண்டிக்காரன் வழிவிடச் சொல்லிக் கத்திய பிறகுதான் நகர்ந்தேன்.

சுதர்ஷன் பார்த்த வக்கீலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. காகிதம் வந்தால் கையெழுத்துப் போடுவேன்.

விஸ்வா


நூரணி,
3 டிசம்பர் 2024

விஸ்வா,

கொஞ்ச நாள் எழுதவில்லை. ஒரு விஷயம் மனசில் வந்துவிட்டது. அது சரிதானா என்று தீரும்வரை பேனாவை எடுக்க முடியவில்லை.

உங்களுடைய செப்டம்பர் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். எந்த நாட்டு வாசல் என்று எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னீர்களே, அதை நான் அதற்கு முன்னாலேயே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். பிப்ரவரியில், எங்கள் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் கிளப்பில். நான்தானே உங்களை வற்புறுத்தி வரவழைத்தேன். இன்டர்நெட்டில் குழந்தைகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசச் சொன்னேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் இந்த வலையைப் பற்றிச் சொன்னபோது ஒருத்தி எழுந்து, வெளியே வருகிற நாட்டை நாமே சொல்லலாமா சார் என்று கேட்டாள். நீங்கள் சந்தோஷமாக அந்த வரியைத் திரையில் எழுதிக் காட்டினீர்கள். இந்தியாவில் எத்தனை இருக்கிறது என்று அடுத்து கேட்டாள். நீங்கள் தேடிப் பார்த்து, ரொம்பக் குறைவு, எனக்கே வெட்கமாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

அடுத்த மாதம்தான் நீங்கள் அந்த இரண்டு வரியை மாற்றியிருக்கிறீர்கள்.

கேட்டவள் மகா. இசக்கிமுத்துவின் மகள். ப்ளஸ் ஒன் முழுக்க ஸ்ரீநந்தா பக்கத்தில் உட்கார்ந்தவள். இந்த ஜூனில் ஸ்ரீநந்தா வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அழுத அன்று வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தவள் அவள்தான். அப்பா குடிப்பதாக எழுதியிருந்ததே, அது மகாவின் அப்பாவைப் பற்றித்தான். தன்னையே கேலி செய்துகொண்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைத்தாளோ? அல்லது அவளைப் புண்படுத்த வேறு யாரோ எழுதியதா? நாள் முழுக்க இதே யோசனைதான்.

நான் இன்ஸ்பெக்டரிடம் சொல்லட்டுமா?

அம்மு


மட்டாஞ்சேரி,
10 டிசம்பர் 2024

அம்மு,

சொல்லாதே.

மகா கேட்டது எனக்கு முதல் நாளே ஞாபகம் வந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே. அவர்கள் என்னிடம், இந்த வித்தை வேறு யாருக்குத் தெரியும், யாருக்காவது சொல்லிக்கொடுத்தாயா என்று கேட்டார்கள். ஒரு கிளாஸ் நிறையக் குழந்தைகளுக்குச் சொன்னேன் என்றேன். யார் அதிகம் கேள்வி கேட்டார்கள் என்று கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றேன்.

அவள் ஒரு கேள்வி கேட்டாள். அவ்வளவுதான் நமக்குத் தெரியும். கேள்வி கேட்டவள் செய்திருப்பாள் என்றால், பெட்டி வைத்தவன் செய்திருப்பான் என்பதும் சரிதான். என்னை அப்படித்தான் பிடித்தார்கள். அதே கணக்கை நான் இன்னொருத்தர் மேல் போடமாட்டேன். எனக்கு நாற்பது வயசு, வீடு இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். அவர்கள் சுள்ளிக்கலில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். போலீஸ் ஒரு தடவை போய் நின்றால் வீட்டுக்காரன் அன்றைக்கே இறக்கிவிடுவான். பெண் பரீட்சை எழுதமாட்டாள். அப்புறம் செய்தது அவள் இல்லை என்று ஆனால்? என்னிடம் இல்லாத ஆதாரம் அவளிடம் மட்டும் எங்கிருந்து வரும்?

இசக்கிமுத்து இன்னமும் எனக்குக் கறிவேப்பிலை சும்மாதான் தருகிறார். அவர் குடிப்பதை விட்டு வருஷக்கணக்காகிறது என்று தெருவுக்கே தெரியும். அந்தப் பொய்யைப் பற்றி அவர் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விஸ்வா


நூரணி,
17 டிசம்பர் 2024

நாலு மாதம். உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நாலு மாதம் இந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே அறையில் தூங்கிய மனுஷன் இப்படிச் செய்வானா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு. இதை ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும். அவளைக் காப்பாற்ற என்னிடமும் மறைக்க வேண்டுமா? நான் என்ன, போலீஸா?

ரொம்ப நல்லவராக இருக்கிறீர்கள். உங்கள் மனசாட்சிக்கு அது நன்றாக இருக்கும். அந்த நல்லதனத்தின் சுமையைச் சுமக்கிறது யார்? நீங்கள் பாதி. மீதி ஸ்ரீநந்தா. நீங்கள் யாரையும் கைகாட்டாமல் பெரிய மனுஷனாக இருக்கலாம். அவளுக்கு, தன்னை இப்படிச் செய்தது யார் என்று தெரியாமலே காலம் முழுக்க இருக்க வேண்டும். அவளிடம் கேட்டீர்களா?

பெட்டியை வைக்கும்போதும் யாரிடமும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

அம்மு


மட்டாஞ்சேரி,
22 ஜனவரி 2025

அம்மு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ இன்ஸ்பெக்டரிடம் போனால் நான் தடுக்க மாட்டேன். போகாதே என்று உனக்குச் சொல்ல நான் யார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது. வக்கீல் கையில் ஒரு நகல் கொடுத்தார். என் லாப்டாப்பிலும் ஃபோனிலும் அந்தக் கணக்கைத் தொடங்கியதற்கோ, எழுதியதற்கோ ஒரு தடயமும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. படித்ததும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பத்தியை வக்கீல்தான் வாசித்துக் காட்டினார். குற்றம் சாட்டப்பட்டவர் தடயம் விடாமல் செயல்படும் மென்பொருளில் தேர்ச்சி உள்ளவர் என்பதால், தடயம் இல்லாததை வைத்து அவர் செய்யவில்லை என்று முடிவுக்கு வர இயலாது.

இருந்தால் நான் செய்தேன். இல்லாவிட்டால் சாமர்த்தியமாகச் செய்தேன்.

கேஸ் நடக்கும். எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது என்றார். சங்கர்ராம் நல்ல மனுஷர். என் தோளில் கை வைத்து, பெட்டியைப் பற்றிக் கோர்ட்டில் ரொம்பப் பேச வேண்டாம், பேசப் பேச ஜட்ஜுக்குச் சந்தேகம்தான் கூடும் என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கு எதிராகவே நிற்கிறது.

இன்டர்நெட் இல்லாமல் வீட்டில் ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது. பெட்டி இருந்த இடத்தில் சுவரில் ஒரு சதுரம் வெளுப்பாக இருக்கிறது. அந்த வழியாக வந்துபோனவர்களை நினைத்துக்கொள்கிறேன். யாராவது ஒருத்திக்காவது உபயோகமாக இருந்திருக்குமா? அதைத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

விஸ்வா


நூரணி,
19 பிப்ரவரி 2025

விஸ்வா,

நான் போன வாரம் மட்டாஞ்சேரிக்கு வந்திருந்தேன். லீவை நீட்டிக் கையெழுத்துப் போட. நம் தெருவுக்கு வரவில்லை. பக்கத்துத் தெருவரை வந்து திரும்பினேன். கோபிக்காதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் மகாவைக் கூப்பிட்டு லேப் அறையில் உட்கார வைத்தேன். எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. நேராகவே கேட்டேன். அந்தக் கணக்கு நீயா?

அவள் மேஜையில் இருந்த கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்து, "இல்ல டீச்சர்" என்றாள். அழவில்லை. அவளுக்குக் கோபமும் வரவில்லை. ஸார்தான் செய்தார்னு எல்லாரும் சொல்றாங்க, நான் மட்டும் இல்லேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன் டீச்சர் என்றாள். அது நிஜமான அன்பா, பயமா, எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் குழந்தைகளோடு இருந்தவள், பொய் சொன்னால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமைப்பட்டவள். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நன்றாகப் பரீட்சை எழுது என்று சொல்லி அனுப்பினேன்.

அங்கிருந்து ஸ்டேஷன் வாசல்வரை போனேன். உள்ளே போகவில்லை. போகாதது சரி என்று தோன்றவில்லை. போயிருந்தாலும் சரி என்று தோன்றியிருக்காது.

திரும்பும் வழியில் ஒற்றப்பாலத்தில் இறங்கினேன். மாமா வீட்டை விசாரித்துப் போய் ஸ்ரீநந்தாவைப் பார்த்தேன். மெலிந்துவிட்டாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். நான் அவளைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை டீச்சர், எல்லாரும்தானே நம்பினார்கள் என்றாள். அந்தப் பெண் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

பஸ் ஸ்டாப்புவரை கூட வந்தாள். பஸ் தூரத்தில் வரும்போதுதான் கேட்டாள்.

"டீச்சர், ஸாரா அது?"

"இல்லை" என்றேன்.

விஸ்வா, இந்த வார்த்தையை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. சுதர்ஷன் வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தபோதும் சொல்லவில்லை. என் மனசுக்குள்ளேகூட முழுசாகச் சொல்லிப் பார்த்ததில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்டிருந்தால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் இல்லை என்றீர்கள், மகா இல்லை என்றாள். ஒன்றை நம்புகிறேன், இன்னொன்றை நம்ப முடியவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. "அப்போ யாரு டீச்சர்?" என்று கேட்டாள்.

என் வாயில் ஒரு பெயர் இருந்தது. பஸ் வந்து நின்றுவிட்டது. தெரியாது மோளே என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் கையசைக்கவில்லை. பஸ் திரும்பும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருக்கிறமாதிரி.

ஞாயிற்றுக்கிழமை நம் ஆத்துக்கு வருகிறேன். சுதர்ஷனிடம் சொல்லிவிட்டேன். அவன் ரயில்வே ஸ்டேஷன்வரை கொண்டுவிட மாட்டானாம், ஆட்டோவில் போய்க்கொள்கிறேன். எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபம் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வந்த உடனே இதைப் பற்றிப் பேச ஆரம்பிக்க வேண்டாம். நாலு நாள் நாம் சும்மா இருக்கலாம்.

அம்மு